ஒரு சிகரெட்டுக்கு ஒரு காரட்

வைகாசி மாதத்து முதல் புதன்கிழமைக்கு நேரே என் நாட்குறிப்பில் மூன்று செய்திகள் இருக்கின்றன. காலையில் தூறல். ஆற்றில் முழங்காலுக்குக் கீழே தண்ணீர். மகள் உண்டாகியிருக்கிறாள்.

நான்காவது ஒன்றும் இருக்கிறது. அதைச் சிறிய எழுத்தில் ஓரத்தில் எழுதியிருக்கிறேன். 'சம்பந்தியம்மாளிடம் சிகரெட்டை விட்டுவிட்டதாகச் சொன்னேன்.'

சம்பந்தியம்மாள் ஏரலில் இருக்கிறார். அரசு மருத்துவமனையில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல செய்தியைத் தொலைபேசியில் சொல்லிவிட்டு, எனக்குச் சந்தோஷப்பட அரை நிமிடம் கொடுத்தார். பிறகு சொன்னார்:

"அண்ணாச்சி, ஒண்ணு இப்பவே சொல்லிப்புடுதேன். பொகை இருக்க வீட்டுக்கு நான் பிள்ளைய அனுப்ப மாட்டேன். நீங்க விட்டுட்டியள்னா ஏழாம் மாசம் வளைகாப்பு முடிஞ்ச கையோட கூட்டிட்டுப் போங்க. இல்லன்னா பிரசவம் இங்கனயே."

தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான். எங்கள் பக்கத்தில் அதற்கு மாற்று கிடையாது. மகளைப் புருஷன் வீட்டிலேயே விட்டுவைத்தால், வண்ணார்பேட்டையிலிருந்து ஏரல் வரை உள்ள உறவினர் அத்தனை பேரும் காரணம் விசாரிப்பார்கள். அதைவிட, எனக்கு அவள் வர வேண்டும். கல்யாணமாகிப் போன பிறகு அவள் எங்கள் வீட்டில் சேர்ந்தாற்போல் தங்கியது மொத்தம் பதினொரு நாள். எண்ணி வைத்திருக்கிறேன்.

"விட்டாச்சே," என்றேன். "போன வாரமே."

அப்போது நான் மாடி அறை ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தேன். கையில் என்ன இருந்தது என்று எழுதத் தேவையில்லை.

என் மனைவிக்குத் தெரியாதா என்று கேட்கலாம். அவளுக்குத் தீராத தும்மல். மூக்கு பல வருஷங்களாக மூக்குத்தி போடுவதற்கு மட்டுமே பயன்படுகிறது. நான் விட்டுவிட்டதாகச் சொன்னதும் நம்பி, அடுத்த வீட்டிலும் சொல்லிவிட்டு வந்தாள்.

உண்மையிலேயே விட்டுவிடுவதாகத்தான் இருந்தேன். ஆனி இரண்டாம் ஞாயிறு முடிவெட்டிக்கொள்ளப் போனதுதான் கெடுத்தது. காத்திருந்த நேரத்தில் அட்டை கிழிந்த ஒரு வாரப்பத்திரிகையை எடுத்துப் புரட்டினேன். புகைப்பவர்களைப் பற்றி ஒரு கட்டுரை. ஒவ்வொரு இழுப்பிலும் அடங்காத மூலக்கூறுகள் கூட்டமாக உடம்புக்குள் நுழைந்து, செல்களில் எது கிடைத்தாலும் பறித்து அரிக்கின்றனவாம். இரும்பில் துரு ஏறுவது மாதிரி. இதற்கு ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்று பெயர். பழங்களிலும் காய்களிலும் இருக்கும் ஆன்டி ஆக்ஸிடன்ட்கள் இந்த மூலக்கூறுகளைச் சாந்தப்படுத்தி உட்கார வைக்கின்றன. புகைப்பவர்கள் ரத்தத்தில் வைட்டமின் சி குறைந்துவிடுகிறது. ஆகவே மற்றவர்களைவிட அவர்களுக்குத்தான் பழமும் காயும் அதிகம் தேவை. பக்கத்தின் அடியில் 'தொடர்ச்சி கடைசிப் பக்கம்' என்றிருந்தது.

"வாங்க அண்ணாச்சி, ஒங்க முறை," என்றார் கடைக்காரர்.

பத்திரிகையை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். முடி வெட்டி முடித்து, கழுத்தில் பவுடர் போட்டு எழுந்தபோது அந்தப் பத்திரிகையை வேறொருவர் மடியில் விரித்துவைத்து அதன்மேல் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்புவது முறையல்ல என்று வந்துவிட்டேன். கல்வெட்டுப் புத்தகங்களைக்கூட அடிக்குறிப்போடு படிக்கிற நான், வாழ்க்கையில் பாதியில் விட்ட கட்டுரை அது ஒன்றுதான்.

படித்த பாதி எனக்குப் போதுமாயிருந்தது. சைவக் குடும்பம். அவியல், கூட்டு, சொதி என்று ஏழு தலைமுறையாகக் காயையே தின்று வளர்ந்த உடம்பு. இன்னும் கொஞ்சம் சேர்த்தால் சிகரெட்டுக்குச் சரியாகிவிடும். சரியாகிவிட்டால், விட்டுவிட்டேன் என்று சொன்னதும் ஏறக்குறைய உண்மை. நில அளவைத் துறையில் முப்பது வருஷமாக எல்லைக்கல் நடுகிறவனுக்கு, ஒரு பக்கம் கூடினால் மறுபக்கம் குறைத்து நேராக்குவது பழகிப்போன வேலை.

முதலில் நெல்லிக்காய். ஒரு சிகரெட்டுக்கு ஒரு காய். இதில் எதிர்பாராத சிக்கல் வந்தது. நெல்லிக்காய் தின்றபின் தண்ணீர் குடித்தால் இனிக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். புகையும் இனித்தது. ஒன்றுக்கு இரண்டாகப் போய்விட்டது. நான்கு நாளில் நிறுத்தினேன்.

ஆடியில் நாவல்பழம். அதில் பலன் இருந்திருக்கலாம். ஆனால் நாக்கும் உதடும் ஊதாவாகி, ஒரு நிலத்தகராறுக்காக வந்த மூன்று பேர் நான் பேசும்போதெல்லாம் என் வாய்க்குள்ளேயே பார்த்தார்கள். யாருக்கும் எல்லை புரியவில்லை. திரும்பவும் அளக்க வேண்டியதாயிற்று.

ஆவணி இரண்டாம் ஞாயிறு முதல் காரட். சட்டைப்பையில் அடங்கும், சாறு வடியாது, கடிக்கும்போது வேலை செய்கிற மாதிரி ஒரு சத்தமும் உண்டு. காலையில் பல் தேய்த்ததும் முன்கூட்டியே இரண்டு தின்றுவிடுவேன். அதற்குப் பிறகு புகைப்பதில் ஓர் உரிமை இருந்தது. இந்த உரிமையால் நாளொன்றுக்கு ஆறாக இருந்த சிகரெட் எட்டாயிற்று. காரட்டும் எட்டாயிற்று. இரவில் பப்பாளி. பூசணிக்காய்க் கூட்டு வைக்கும்படி அடிக்கடி கேட்டேன். மனைவி பூரித்துப்போனாள்.

வண்ணார்பேட்டையில் நான் காய் வாங்கும் கடைக்காரம்மாள் இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"வாரத்துக்கு நாலு கிலோவா! வீட்டுல குதிரை கட்டியிருக்கியளா அண்ணாச்சி?"

"இல்லம்மா, நான்தான் சாப்பிடுதேன்."

"காரட் அல்வா போட்டு விக்கலாம்னு இருந்தியள்னா விட்டுருங்க. நம்ம ஊருல அது எடுபடாது."

அலுவலகத்துக்கு எதிரே தேநீர்க் கடை. அங்கே எனக்கு ஒரு புகைத் தோழர். பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். என் முறையை அவருக்கு விளக்கினேன். அவர் முழுவதும் கேட்டுவிட்டு, என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஒரு கையில காரட்டு, ஒரு கையில சிகரெட்டு. மொயலு பொகை குடிக்க மாதிரி இருக்குவே."

"அறிவியல் வே இது. நீரும் தின்னும்."

"எனக்குத் துருவே போதும்," என்றார்.

புரட்டாசி நடுவில் அவர்தான் முதலில் கவனித்தார். தீப்பெட்டியை நீட்டினேன். வாங்காமல் என் கையைப் பிடித்துத் திருப்பினார். உள்ளங்கை பறங்கிப்பழ நிறத்தில் இருந்தது. மஞ்சள் சாக்கட்டி, பழைய வரைபடக் காகிதம், வெயில் என்று நான் காரணங்கள் சொன்னேன். அவர் தன் தேநீர்க் குவளையை என் குவளையிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்துக்கொண்டார்.

ஐப்பசி இரண்டாம் வெள்ளி வளைகாப்பு. வேன் பிடித்து, பதினோரு பேர், கட்டுச்சோற்றுப் பாத்திரங்கள், வளையல் தட்டுகள், மகள் திரும்பி வரும்போது சாய்ந்துகொள்ள இரண்டு தலையணை, எல்லாம் ஏற்றிக்கொண்டு ஏரல் போய்ச் சேர்ந்தோம். காலை ஒன்பது ஐந்து.

மகள் மனையில் உட்கார்ந்திருந்தாள். முழங்கை வரை வளையல். என்னைப் பார்த்து, கை நிறைய இருந்ததால் மோவாயை மட்டும் ஆட்டினாள். பெண்கள் ஒவ்வொருவராக வளையல் அடுக்கினார்கள். ஆண்களுக்குச் சந்தனக் கிண்ணம் வந்தது. சம்பந்தி வீட்டு வயதான அத்தை ஒருவர் என் முன்னால் நீட்டினார். நான் கையை விரித்தேன்.

"ஐயையோ, காமாலை!"

பிறகு நடந்தவை மிக வேகமாக நடந்தன. இரண்டு பெண்கள் சேர்ந்து மகளை மனையோடு பின்னால் இழுத்தார்கள். நான் குடித்து வைத்த காபி டம்ளரை ஒருவர் விளிம்பில் இரண்டு விரலால் தூக்கிக் கொல்லைக்குக் கொண்டுபோனார். கீழாநெல்லியை மோரில் அரைத்துக் குடிக்கச் சொன்னவர் மூன்று பேர், மோர் கூடவே கூடாது என்றவர் ஒருவர். அந்த நால்வருக்குள்ளும் சண்டை வந்தது. "காமாலை வீட்டுக்கா பிள்ளைத்தாச்சிய அனுப்பப் போறிய?" என்று அத்தை கேட்டது எல்லோருக்கும் கேட்டது.

சம்பந்தியம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். கைபேசி விளக்கைப் போட்டு, என் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார்.

"அண்ணாச்சி, ஒண்ணுக்கு மஞ்சளாப் போகுதா?"

அறுபது பேர் இருந்த கூடம் அது. நாதஸ்வரம் அப்போதுதான் நின்றிருந்தது.

"இல்ல," என்றேன்.

"பசி உண்டா? வாந்தி?"

"பசி உண்டு."

"கண்ணு பால் மாதிரி வெள்ளையா இருக்கு. காமாலைன்னா மொதல்ல கண்ணுலதான் தெரியும். இது அது இல்ல." அவர் என் உள்ளங்கையை விளக்குக்கு நேரே பிடித்தார். "என்ன தின்னிய?"

இந்த இடத்தில் என் மனைவி முன்னால் வந்தாள். நான் விட்டதாகச் சொன்ன நாளிலிருந்து அவள் காத்திருந்த மேடை இது.

"அவிய சிகரெட்ட விட்டாவல்ல? அதுக்குப் பதிலா காரட்டு சாப்பிடுதாவ. வாயி கேக்கும்போதெல்லாம் காரட்டுதான்."

கூடமே மாறிவிட்டது. ஒருவர் என் தோளைத் தட்டினார். கொல்லைக்குப் போன டம்ளர் கழுவப்பட்டு, புதுக் காபியோடு திரும்பி வந்தது. மகள் கண்ணைத் துடைத்துக்கொள்ள முயன்று வளையல்களால் கன்னத்தில் இடித்துக்கொண்டாள். சம்பந்தியம்மாள் புகையிலை போடும் தன் கணவரைத் திரும்பிப் பார்த்து, "பாருங்க, மனுசன்னா இப்படி இருக்கணும். நீங்களும் இருக்கியளே," என்றார். அந்தப் பாவப்பட்ட மனிதர் வாயிலிருந்ததைத் துப்ப வழி தேடி எழுந்து போனார்.

நான் அதோடு கும்பிடு போட்டிருக்கலாம்.

"காரட்டு ரொம்பத் தின்னா தோலு மஞ்சளாகும். ஆபத்தில்ல," என்றார் சம்பந்தியம்மாள். "ஒரு நாளைக்கு எத்தனை சாப்பிடுதிய?"

"எட்டு."

"தெனமுமா?"

"சில நாள் ஒம்பது. நோட்டுல இருக்கு."

சொல்லி முடிப்பதற்குள் என் கை சட்டைப்பைக்குப் போய்விட்டது. யாராவது ஒரு தேதியைச் சரிபார்க்க வேண்டுமென்றால் என் கை தானாகப் போகும். கல்யாண வீடுகளிலும் துஷ்டி வீடுகளிலும் இதற்கென்றே என்னைத் தேடுவார்கள். சம்பந்தியம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கையை நீட்டினார். கொடுத்தேன். கொடுத்த பிறகுதான் கொடுத்தது தெரிந்தது.

எனக்குச் சுருக்கி எழுதுகிற பழக்கமும் கிடையாது. அவர் ஆஸ்பத்திரி வார்டில் வாசித்துப் பழகிய குரலில் வாசித்தார்.

"நேத்து வியாழக்கிழமை. இரவெல்லாம் மழை. காலை ஆறு பத்து, காரட் இரண்டு, முன்கூட்டியே. ஆறு இருபது, சிகரெட் ஒன்று, மாடி அறை ஜன்னல். ஆறு நாப்பது, சிகரெட் ஒன்று, அதே ஜன்னல். இதுவரை நேர்." பக்கத்தைத் திருப்பினார். "இரவு ஒம்பது. சிகரெட் எட்டு, காரட் ஏழு. ஒன்று பாக்கி. பப்பாளித் துண்டு இரண்டால் சமன் செய்யப்பட்டது."

மகள்தான் முதலில் பேசினாள்.

"மாடி ரூமா? அது என் ரூம்லா?"

சம்பந்தியம்மாள் நோட்டை மூடினார். கோபப்படுவார் என்று நினைத்தேன். ஒரு நோயாளிக்கு மாத்திரை விவரம் சொல்வதுபோலத்தான் சொன்னார்.

"அண்ணாச்சி, இத எங்க படிச்சிய?"

சொன்னேன்.

"கடைசிப் பக்கம் படிக்கலையா?"

"இன்னொருத்தர் அதுமேல தூங்கிட்டாவ."

"அதுல என்ன இருந்திருக்கும்னு நான் சொல்லுதேன். காயி, பழம் நல்லதுதான். சிகரெட்டு குடிக்கவியளுக்கு இன்னும் நல்லது. ஆனா ஒரு சிகரெட்ட ஒரு காரட்டு அழிக்காது. தின்ன வேண்டியது, நிறுத்தவும் வேண்டியது. நீங்க இதையே மாத்திரையா வாங்கி முழுங்காம இருந்தியளே, அதுக்கு சந்தோசப்படுதேன். பொகை குடிக்கவியளுக்கு அந்தக் கரோட்டின் மாத்திரை கெடுதலேகூட." அவர் மகள் பக்கம் கையைக் காட்டினார். "சரி, ஒங்க ஒடம்புக்கு நீங்க காரட்டு தின்னுதிய. நாளைக்கு அந்த ரூம்ல ஒரு பச்சப்பிள்ள கெடக்கும். அதுவா காரட்டு தின்னும்? பொகை மட்டும்தான அதுக்கு வரும்?"

இதை மட்டும் நான் நாட்குறிப்பில் எழுதவில்லை. எழுதாமலே நினைவிருக்கிறது.

"அப்பா," என்றாள் மகள். "நான் இன்னைக்கு வரல."

தலையணைகளை வேனில் அப்படியே திருப்பி எடுத்து வந்தோம். ஸ்ரீவைகுண்டம் வரை என் மனைவி ஜன்னலைப் பார்த்தபடி வந்தாள். பிறகு கேட்டாள்:

"எட்டா?"

"சில நாள் ஒம்பது."

மறுநாள் சனிக்கிழமை மகளே பேசினாள். அவள் நிபந்தனை எளிமையானது. சேர்ந்தாற்போல் நான்கு வாரம். தினமும் மாலை ஏழு மணிக்கு நான் நாட்குறிப்பை அவளுக்கு வாசித்துக் காட்ட வேண்டும்.

"நீங்க வாயால பொய் சொல்லுவியப்பா. நோட்டுல சொல்ல மாட்டிய. அது எனக்குத் தெரியும்."

"மார்கழி பொறந்துட்டா கூட்டிட்டு வர மாட்டாவளே?"

"அப்ப கார்த்திகைக்குள்ள முடிங்க."

ஞாயிறன்று தொடங்கினேன். மூன்றாம் நாள் செவ்வாய் மாலை நாலு பத்துக்கு ஜெராக்ஸ் தோழர் ஒன்றை நீட்ட, கை தானாக வாங்கிவிட்டது. ஏழு மணிக்கு வாசித்தேன். "மறுபடி ஒண்ணுல இருந்து," என்றாள் மகள். புதனிலிருந்து மறுபடி.

அந்த நாட்களில் நான் செய்தவை: வீட்டிலுள்ள புத்தகங்களை வெளியான வருஷப்படி அடுக்கினேன். பிறகு உயரப்படி அடுக்கினேன். ஆற்றுப்பாலத்தில் நின்று ஒரு மணி நேரத்தில் எத்தனை பேருந்து போகிறது என்று எண்ணினேன். பூஜை அறையில் ஊதுபத்திக்கு மிக அருகில் நின்று நெடுநேரம் சாமி கும்பிட்டேன். மனைவி இரண்டு நாள் பக்தி என்று நினைத்தாள், மூன்றாம் நாள் ஊதுபத்திக் கட்டை எடுத்துப் பூட்டிவிட்டாள். காரட்டை இரண்டாகக் குறைத்தேன். கடைக்காரம்மாள் அரைக் கிலோவை நிறுத்துக்கொண்டே துக்கம் விசாரித்தார்.

"என்ன அண்ணாச்சி, குதிரை செத்துப்போச்சா?"

ஐப்பசி கடைசி நாள், ஞாயிறு. பன்னிரண்டாம் நாள். காலையிலிருந்து விடாத மழை. மாலை தேநீர்க் கடைத் தாழ்வாரத்தில் நின்றபோது பாதி குடித்துவிட்டேன். மீதிப் பாதியை மழைத் தண்ணீரில் எறிந்தேன்.

"பாதி கணக்குல வராதுவே," என்றார் தோழர். "எழுதாதீரும். யாருக்குத் தெரியப் போகுது?"

ஏழு மணி வரை நோட்டைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். அடுத்த நாள் கார்த்திகை ஒன்று. அன்று தொடங்கினாலும் இருபத்தெட்டு நாள் முடிந்து, மார்கழி பிறக்குமுன் கைக்கு ஒரே ஒரு நாள் மிஞ்சும். இன்னொரு தவறுக்கு இடமே இல்லை. எழுதாமல் விட்டால் பன்னிரண்டு நாள் கையில் நிற்கும். பேனாவைத் திறந்தேன், மூடினேன், திறந்தேன். மகள் அழைத்துவிட்டாள்.

"வாசிங்கப்பா."

எழுதாததை வாசித்தேன். 'மாலை ஐந்து இருபது. அரை சிகரெட்.' வாசித்துக்கொண்டே எழுதினேன்.

மறுமுனையில் வளையல்கள் குலுங்கின.

"பாதி மட்டுமா?"

"பாதி."

"இன்னைக்குப் பிள்ள ரொம்ப ஒதைக்கிப்பா," என்றாள். "நாளைல இருந்து ஒண்ணு."

ஜெராக்ஸ் தோழரிடம் அடுத்த நாளே சொல்லிவிட்டேன், மார்கழி வரை என்னைத் தெரிந்தது மாதிரி காட்டிக்கொள்ள வேண்டாம் என்று. அவர் அதை நன்றாகச் செய்தார். நான் தெருவில் போனால் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிடுவார்.

கார்த்திகை முழுவதும் என் நாட்குறிப்பு சலிப்பானது. மழை, வெள்ளம், வெள்ளம் வடிந்தது, சிகரெட் இல்லை. சிகரெட் இல்லை. சிகரெட் இல்லை. தினமும் ஏழு மணிக்கு இதை வாசிப்பேன். அவள் "உம்" என்பாள். பின்னால் சம்பந்தியம்மாளும் "உம்" என்பது கேட்கும். கடைசி வாரம் மூன்றாவதாக ஆண் குரலில் ஒரு "உம்" சேர்ந்தது. புகையிலை சம்பந்தி. அவரையும் அதே நாட்கணக்கில் கட்டிப்போட்டிருந்தார்களாம்.

கார்த்திகை இருபத்தொன்பது, திங்கட்கிழமை, காலை பத்து நாற்பதுக்கு ஏரலிலிருந்து கார் வந்தது. மகள் இறங்கினாள். இடுப்பில் கை வைத்தபடி வாசல்படியில் நின்று, காற்றை இழுத்து மோந்து பார்த்தாள். கூடத்தை மோந்தாள். என் சட்டைக் காலரை மோந்தாள். கொடியில் கிடந்த துண்டை மோந்தாள். சம்பந்தியம்மாள் பின்னாலேயே அதே வரிசையில் மோந்துகொண்டு வந்தார். என் மனைவியும் மரியாதைக்காக மோந்தாள்.

மாடிப்படி ஒவ்வொன்றாகப் பைய ஏறினாள். அந்த அறையை நான் வெள்ளையடித்திருந்தேன். மெத்தையை வெயில் கண்ட நேரமெல்லாம் காயப்போட்டிருந்தேன். அவள் சுவரை மோந்தாள், கட்டிலை மோந்தாள், ஜன்னல் திரையை மூக்கில் வைத்தாள். எடுத்தாள். மறுபடி வைத்தாள்.

"அப்பா, இத எத்தனை தடவை தொவைச்சிய?"

"ரெண்டு. போன புதன், நேத்து."

"இன்னும் இருக்கு," என்று சொல்லிவிட்டுக் கட்டிலில் கால் நீட்டிப் படுத்துக்கொண்டாள்.

திரையை வளையத்திலிருந்து கழற்றிக்கொண்டு கீழே இறங்கி, வாளியில் மூன்றாம் முறை ஊறவைத்தேன். பதினொன்று பத்து.